ஆசிரியர்களுக்கு ஆட்குறைப்பு, சூப்பரிண்டெண்டென்டுக்குச் சம்பள உயர்வு: இது எப்படி நடக்கிறது?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், பிலடெல்பியாவின் புறநகரில் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் படிக்க வைக்கும் ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "எங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் அடுத்த ஆண்டு ஆசிரியர்களைக் குறைக்கப்போகிறார்கள். நூலகர் கிடையாது, இசை வகுப்பு பாதிதான். ஆனால் டிஸ்ட்ரிக்டை ஆளும் அதே போர்டு, தலைமை நிர்வாகியான சூப்பரிண்டெண்டென்டுக்குச் சம்பளத்தை ஏற்றி, கார் அலவன்ஸும் கொடுத்திருக்கிறது. இது சட்டப்படி சரியா? அவர் சம்பளத்தைக் குறைத்தால் சில ஆசிரியர்களையாவது காப்பாற்ற முடியாதா?"

சட்டப்படி பெரும்பாலும் சரிதான். காப்பாற்றுவது என்றால் ஒருவரையோ இருவரையோ காப்பாற்றலாம், அதற்கு மேல் இல்லை. ஆனால் உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அது போய் நிற்க வேண்டிய இடம் சம்பளத் தொகை அல்ல, ஒப்பந்தம். அதை விளக்கத்தான் இந்த நீண்ட பதில்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். உங்கள் பக்கத்து நகரமே நல்ல உதாரணம். 2011-ல் பிலடெல்பியா ஸ்கூல் டிஸ்ட்ரிக்டுக்கு 62.9 கோடி டாலர் துண்டு விழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு ஆட்குறைப்புக் கடிதம் போனது. அந்த ஆகஸ்டில் சூப்பரிண்டெண்டென்ட் ஆர்லீன் ஆக்கர்மன் பதவியிலிருந்து விலகினார். விலகினார் என்பது நாகரிகமான வார்த்தை, உண்மையில் விலக்கப்பட்டார். அவருடைய ஆண்டுச் சம்பளம் சுமார் 3,48,000 டாலர். ஒப்பந்தக் காலம் முடியவில்லை என்பதால், அவரை அனுப்பிவைக்கக் கொடுத்த தொகை 9,05,000 டாலர். அதில் 4,05,000 டாலரைப் பெயர் சொல்லாத நன்கொடையாளர்கள் தருவார்கள் என்று முதலில் அறிவித்தார்கள். "யார் அந்தப் புண்ணியவான்கள், எதற்காகத் தருகிறார்கள்?" என்று ஊரே கேட்டதும் அவர்கள் பின்வாங்க, முழுத் தொகையும் டிஸ்ட்ரிக்டின் தலையில் விழுந்தது. சில மாதங்கள் கழித்து அவர் வேலையில்லாதோருக்கான அரசு உதவித்தொகைக்கும் விண்ணப்பித்தார் என்ற செய்தி வந்தபோது நகரம் கொதித்தது.

இப்போது வகுத்துப் பாருங்கள். 62.9 கோடியில் 9 லட்சம் என்பது ஆயிரம் டாலருக்கு ஒன்றரை டாலர்கூட இல்லை. மருத்துவக் காப்பீடு, பென்ஷன் எல்லாம் சேர்த்தால் ஓர் ஆசிரியருக்கு ஆண்டுக்கு ஆகும் செலவு ஒரு லட்சம் டாலரை ஒட்டி வரும். ஆக, மொத்தம் ஒன்பது பேர். ஆயிரக்கணக்கான வேலைகள் போகிற இடத்தில் ஒன்பது.

அதே நகரத்தில் இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது இன்னும் தெளிவான பாடம். 2013-ல் மறுபடி 30.4 கோடி டாலர் பற்றாக்குறை. மார்ச்சில் 23 பள்ளிகளை மூட முடிவு செய்தார்கள். ஜூனில் 3,783 ஊழியர்களுக்கு ஆட்குறைப்பு: பள்ளித் துணை முதல்வர்கள், மாணவர் ஆலோசகர்கள், மதிய உணவு நேரத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் வரை. அப்போதைய சூப்பரிண்டெண்டென்ட் வில்லியம் ஹைட் 3,00,000 டாலர் சம்பளத்தில் 10 சதவீதத்தைத் தானே குறைத்துக்கொண்டார். அந்த 30 ஆயிரம் டாலர் பற்றாக்குறையில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அவர் செய்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன். ஆசிரியர் சங்கத்திடம் சம்பளக் குறைப்புக் கேட்டுக்கொண்டிருந்த டிஸ்ட்ரிக்ட் அது. தன் சம்பளத்தில் கைவைக்காத ஒருவர் அந்த மேஜையில் உட்கார்ந்து அதைக் கேட்கவே முடியாது. அப்படிக் குறைத்துக்கொண்டும் சங்கம் ஒன்றும் இளகிவிடவில்லை என்பது வேறு விஷயம்.

அமெரிக்கப் பள்ளி பட்ஜெட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் சம்பளமும் சலுகைகளும்தான். தலைமை நிர்வாகம் என்ற கணக்கில் வருவது நாடு முழுக்க சராசரியாக 2 சதவீதம் அளவில். அதனால் பெரிய வெட்டு என்றால் அது வகுப்பறையில்தான் விழும். இது கெட்ட எண்ணத்தால் வருவதல்ல, பணம் இருக்கும் இடம் அது. இப்போது பல டிஸ்ட்ரிக்டுகள் ஒரே நேரத்தில் தள்ளாடுவதற்கும் பொதுவான காரணம் உண்டு. கோவிட் காலத்தில் மத்திய அரசு மூன்று தவணையில் பள்ளிகளுக்குக் கொடுத்த ஏறத்தாழ 19,000 கோடி டாலரில் கடைசித் தவணையை ஒதுக்கி முடிக்க 2024 செப்டம்பர் 30 கெடு. ஒருமுறை வந்த பணத்தில் நிரந்தர வேலைகளை உருவாக்கியவர்கள் இப்போது முழிக்கிறார்கள். பென்சில்வேனியாவில் இதோடு, அரசுப் பணத்தில் தனி நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகளுக்குக் கட்டும் தொகையும், பென்ஷன் சுமையும் சேர்கின்றன.

அந்தப் பென்ஷன் சுமையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் சம்பள உயர்வின் உண்மையான விலை அதில்தான் ஒளிந்திருக்கிறது. 2024-25-ல் இந்த மாநிலத்தில் டிஸ்ட்ரிக்ட் தன் ஊழியர்களுக்காக ஓய்வூதிய நிதிக்குக் கட்ட வேண்டியிருந்தது சம்பளத்தில் 33.90 சதவீதம். அந்தக் கணக்கில் சூப்பரிண்டெண்டென்டுக்கு 10,000 டாலர் ஏற்றினால், செலவு 13,390 டாலர். பென்ஷன் பங்கில் பாதியையாவது மாநிலம் திருப்பித் தருகிறது என்றாலும், அதுவும் வரிப்பணம்தான். போர்டு கூட்டத்தில் சொல்லப்படுவது 10,000 மட்டுமே.

சரி, ஒப்பந்தத்துக்கு வருவோம்.

ஆசிரியரின் சம்பளம் சங்க ஒப்பந்தத்தில் உள்ள அட்டவணைப்படி போகிறது. யார் வேண்டுமானாலும் அதைப் பார்த்துச் சொல்லலாம். சூப்பரிண்டெண்டென்ட் அப்படியல்ல. அவர் தனி ஆளாக, சொந்த வக்கீலை வைத்துக்கொண்டு, பகுதிநேரமாகச் சேவை செய்யும் போர்டு உறுப்பினர்களோடு பேரம் பேசுகிறார். உங்கள் போர்டில் இருக்கும் ஒன்பது பேருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வந்து உட்காருபவர்கள். பென்சில்வேனியாவில் ஒப்பந்தம் மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை. ஆக இன்று ஆட்குறைப்புச் செய்யும் போர்டுக்கு, நிலைமை நன்றாக இருந்த ஆண்டில் வேறு ஆட்கள் கையெழுத்திட்ட காகிதம் கட்டளை இடுகிறது. ஆண்டுக்கு இத்தனை சதவீதம் உயர்வு என்று அதில் எழுதியிருந்தால், பட்ஜெட் எவ்வளவு மோசமானாலும் அது போய்ச் சேரும். நீங்கள் பார்த்த உயர்வு அந்த வகைதானா, அல்லது இந்த ஆண்டே போர்டு புதிதாக வாக்களித்துக் கொடுத்ததா என்பதை முதலில் கண்டுபிடியுங்கள். இரண்டாவது என்றால் உங்கள் கோபத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளலாம்.

அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பார்த்து ஏமாறுவதுதான் எல்லோரும் செய்வது. இதற்கு கலிபோர்னியாவில் ஒரு மறக்க முடியாத கதை இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸ் அருகே லான்டேல், ஹாத்தார்ன் பகுதிகளுக்கான சென்டினெலா வேலி உயர்நிலைப் பள்ளி டிஸ்ட்ரிக்ட். பணக்கார ஊர் இல்லை. மாணவர்கள் 6,600 பேர் அளவில். அதன் சூப்பரிண்டெண்டென்ட் ஹோசே ஃபெர்னாண்டஸின் அடிப்படைச் சம்பளம் சுமார் 2,71,000 டாலர். ஆனால் 2013-ல் அவருக்குப் போய்ச் சேர்ந்தது மொத்தம் 6,63,000 டாலர் என்று டாரன்ஸ் நகரின் 'டெய்லி பிரீஸ்' என்ற சிறிய பத்திரிகை 2014 பிப்ரவரியில் எழுதியது. நடுவில் இருந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது? ஓய்வூதியக் கணக்கில் அவர் வேலையே பார்க்காத ஆண்டுகளைச் சேர்த்துக்கொள்ள டிஸ்ட்ரிக்ட் கட்டிய தொகை மட்டும் இரண்டு லட்சத்துக்கு மேல். அதற்கு மேல் ஒவ்வோர் ஆண்டும் 9 சதவீத உயர்வு. இவற்றுக்கெல்லாம் சிகரமாக, வீடு வாங்க டிஸ்ட்ரிக்டே கொடுத்த 9,10,000 டாலர் கடன்: 2 சதவீத வட்டி, 40 ஆண்டுத் தவணை. ஒரு பள்ளி நிர்வாகம் வங்கி நடத்தியது!

இதில் என்னை இன்றும் உறுத்துவது, ஒப்பந்தத்தில் எதுவும் ஒளித்துவைக்கப்படவில்லை என்பதுதான். போர்டு வாக்களித்து ஏற்றுக்கொண்ட பொது ஆவணம் அது. பல ஆண்டுகள் யாரும் எடுத்துப் படிக்கவில்லை. செய்தி வந்த பிறகு அந்த ஆகஸ்டில் அவரை வேலையிலிருந்து நீக்கினார்கள், பின்னர் குற்றவழக்கும் வந்தது. 2015-ல் அந்தப் பத்திரிகைக்கு உள்ளூர்ச் செய்திக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது. மாணவர் தலைக்குக் கணக்குப் போட்டால் சென்டினெலாவில் சூப்பரிண்டெண்டென்டுக்கு ஆனது 100 டாலர். பிலடெல்பியாவில் ஆக்கர்மனின் சம்பளம் தலைக்கு மூன்று டாலருக்கும் குறைவு. பெரிய நகரத்துச் சம்பளம்தான் தலைப்புச் செய்தியாகும். ஆனால் பிரச்சினை அதிகம் விளைவது யாரும் எட்டிப் பார்க்காத சிறிய டிஸ்ட்ரிக்டுகளில்.

"அப்படியானால் மாநில அரசே ஓர் உச்சவரம்பு வைத்துவிடலாமே" என்று அடுத்து தோன்றும். அதையும் செய்து பார்த்துவிட்டார்கள், ஆற்றுக்கு அக்கரையில். நியூ ஜெர்சியில் 2008-ல் கீன்ஸ்பர்க் என்ற ஏழை டிஸ்ட்ரிக்ட், ஓய்வு பெறும் சூப்பரிண்டெண்டென்டுக்கு 7,40,000 டாலருக்கு மேல் கொடுக்க ஒப்பந்தப்படி கடமைப்பட்டிருந்தது தெரியவந்தபோது மாநில அரசு நீதிமன்றத்துக்கே போனது. அந்தச் சூடு ஆறுவதற்குள் 2010-ல் கிறிஸ் கிறிஸ்டி ஆளுநராக வந்து, பள்ளிகளுக்கான மாநில உதவியில் சுமார் 82 கோடி டாலரை வெட்டினார். ஆசிரியர்கள் சம்பள உயர்வை விட்டுக்கொடுக்க வேண்டும் என்றார். அந்த ஏப்ரலில் வாக்காளர்கள் பாதிக்கும் மேற்பட்ட பள்ளி பட்ஜெட்டுகளை நிராகரித்தார்கள். அப்புறம் 2011 பிப்ரவரியிலிருந்து சூப்பரிண்டெண்டென்டுகளுக்கு உச்சவரம்பு: மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்து, அதிகபட்சம் 1,75,000 டாலர். அதாவது ஆளுநரின் சம்பளம். பத்தாயிரம் மாணவர்களுக்கு மேல் உள்ள இடங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்கலாம்.

இதனால் மிச்சமாகும் என்று அரசே சொன்ன தொகை 98 லட்சம் டாலர். வெட்டியது 82 கோடி. நூறு டாலர் பிடுங்கிக்கொண்டு ஒரு டாலர் இருபது சென்ட்டைத் திருப்பிக் காட்டிய கதை.

விளைவு என்ன? அனுபவசாலிகள் பலர் ஒப்பந்தம் முடிந்ததும் நியூயார்க்குக்கும், உங்கள் பென்சில்வேனியாவுக்கும் போனார்கள். சில இடங்களில் நீண்ட காலம் பணியாற்றிய பள்ளி முதல்வரின் சம்பளம் அவருடைய மேலதிகாரியின் சம்பளத்தைத் தாண்டி நின்றது. அப்படி இருக்கும்போது யார் பதவி உயர்வுக்குக் கை தூக்குவார்கள்? 2017-ல் உச்சவரம்பைக் கொஞ்சம் உயர்த்தினார்கள், 2019-ல் ஆளுநர் ஃபில் மர்ஃபி காலத்தில் முற்றிலும் எடுத்துவிட்டார்கள். வரம்பு வந்த அதே 2011-ல் நியூயார்க் ஆளுநர் ஆண்ட்ரூ கியூமோவும் இதே மாதிரி வரம்பைக் கொண்டுவரப் பார்த்தார், அங்கே அது நிறைவேறவே இல்லை.

என் அபிப்பிராயம்: சம்பளத்துக்கு உச்சவரம்பு வைப்பது அரசியல்வாதிக்குச் செலவில்லாத கைதட்டல். விலகும்போது கொடுக்கும் தொகைக்கு வரம்பு வைப்பதுதான் உருப்படியான வேலை. பென்சில்வேனியா அதை 2012-ல் சட்டம் 141 மூலம் செய்தது. ஒப்பந்தத்தில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ மீதி இருக்கும்போது பேசிப் பிரிந்தால், அதிகபட்சம் ஓராண்டுச் சம்பளமும் சலுகையும். இரண்டு ஆண்டுக்குக் குறைவாக மீதி என்றால், மீதிக் காலத்துக்கு வர வேண்டியதில் பாதி. ஆக்கர்மனுக்குக் கொடுத்தது மாதிரி இரண்டரை ஆண்டுச் சம்பளத்தை இன்று கொடுத்துவிட முடியாது. இந்தச் சட்டத்தில் இன்னொரு நல்ல அம்சமும் உண்டு: சூப்பரிண்டெண்டென்டை மதிப்பிட என்ன அளவுகோல், அதை அவர் எட்டினாரா என்பதை டிஸ்ட்ரிக்ட் தன் இணையதளத்தில் போட வேண்டும். போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மூலையில், படிக்க ஆளில்லாமல் கிடக்கும்.

கார் அலவன்ஸையும் சொல்லியிருந்தீர்கள். அதில் நேரத்தைச் செலவழிக்காதீர்கள் என்பேன். மாதம் சில நூறு டாலர். பத்துப் பன்னிரண்டு பள்ளிகளுக்கு ஓடும் ஆளுக்கு அது அநியாயமும் இல்லை. உங்கள் கண்ணில் பட வேண்டியவை வேறு: பயன்படுத்தாத விடுப்பு நாட்களை ஓய்வின்போது காசாக்கலாமா, ஆண்டுக்கு எத்தனை நாள் என்ற வரம்பு உண்டா, ஊழியர் தன் பையிலிருந்து கட்ட வேண்டிய பென்ஷன் பங்கையும் டிஸ்ட்ரிக்டே கட்டுகிறதா, ஓய்வுக்குப் பிறகும் அவருக்கும் மனைவிக்கும் மருத்துவக் காப்பீடு தொடருமா, தனிச் சேமிப்புக் கணக்கில் ஆண்டுதோறும் டிஸ்ட்ரிக்ட் போடும் தொகை எவ்வளவு. இவை கடைசிப் பக்கங்களில், சிறு எழுத்தில் இருக்கும். தலைப்புச் சம்பளத்தைவிட இவைதான் குட்டி போடும். பென்சில்வேனியாவின் தகவல் அறியும் சட்டப்படி ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் போட்டால், ஐந்து வேலை நாளுக்குள் டிஸ்ட்ரிக்ட் பதில் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை.

கூடவே சட்டம் 93-ன் கீழ் உள்ள நிர்வாகிகள் சம்பளத் திட்டத்தையும் கேளுங்கள். சூப்பரிண்டெண்டென்ட் ஒருவர். பள்ளி முதல்வர், துணை முதல்வர், மேற்பார்வையாளர் என்று சங்கத்தில் இல்லாத நிர்வாகிகள் சிறிய டிஸ்ட்ரிக்டிலும் பலர் இருப்பார்கள். 1984-ல் வந்த அந்தச் சட்டப்படி அவர்களுக்குத் தனித் திட்டம் போட்டு போர்டு ஏற்கிறது. பல இடங்களில் இது கூட்டத்தின் மொத்த ஒப்புதல் பட்டியலில், பஸ் டயர் கொள்முதலுக்குப் பக்கத்தில், விவாதமே இல்லாமல் நிறைவேறிவிடும். பணம் உண்மையில் நகரும் இடம் அதுதான்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சூப்பரிண்டெண்டென்ட் வேலை சுகமானது அல்ல. நூற்றுக்கணக்கான ஊழியர்கள், பல கோடி டாலர் பட்ஜெட், பனி பெய்தால் காலை நாலரைக்குப் பள்ளி உண்டா இல்லையா என்ற முடிவு, எல்லாத் தரப்பிடமிருந்தும் திட்டு. அதே அளவு நிறுவனத்தைத் தனியார் துறையில் நடத்துபவர் இதைவிடப் பல மடங்கு வாங்குவார். நல்ல ஆள் வேண்டும் என்றால் நல்ல சம்பளம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் நல்ல சம்பளம் என்பதற்கும், மோசமான ஆண்டிலும் தானாக ஏறும் சம்பளம் என்பதற்கும் வித்தியாசம் உண்டு. "ஆசிரியர்களுக்கு உயர்வு இல்லாத ஆண்டில் எனக்கும் இல்லை" என்று ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் இருந்தால் பாதிச் சண்டை வராது. அதை எழுதச் சொல்லிக் கேட்கும் போர்டுகள் குறைவு.

மக்களின் நம்பிக்கை போனால் அதன் விலை பெரிதாக இருக்கலாம். ஹூஸ்டனில் 2023 ஜூனில் டெக்சஸ் அரசு டிஸ்ட்ரிக்டைத் தன் கையில் எடுத்து, மைக் மைல்ஸை 3,80,000 டாலர் சம்பளத்தில் நியமித்தது. அவர் காலத்தில் பெரிய அளவில் வேலைக் குறைப்பு நடந்தது. 2024 நவம்பரில் பள்ளிக் கட்டடங்களைச் சீர்செய்ய 440 கோடி டாலர் பாண்டுக்கு (கடன் பத்திரத்துக்கு) வாக்காளர்களிடம் அனுமதி கேட்டார்கள். "நம்பிக்கை இல்லை என்றால் பாண்டும் இல்லை" என்று எதிர்த்தரப்பு பிரசாரம் செய்தது. சுமார் 58 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். அரசு கையகப்படுத்தியதன் மீதான கோபம்தான் அதில் பெரும்பங்கு, சம்பளம் ஒரு துளி. ஆனால் பாண்டுப் பணமும் சம்பளப் பணமும் வேறு வேறு கணக்கு, ஒன்றை எடுத்து மற்றதில் போட முடியாது என்ற விளக்கத்தைக் கேட்கும் பொறுமை கோபத்தில் இருப்பவருக்கு இராது.

கடைசியாக, உங்கள் மாநிலத்தில் இருக்கும் ஒரு பிடி. இதைப் பெற்றோர்கள் அதிகம் பயன்படுத்துவதில்லை. 2017-ன் சட்டம் 55, பணப் பற்றாக்குறையைக் காரணம் காட்டி ஆசிரியர்களை நீக்க டிஸ்ட்ரிக்டுகளுக்கு முதன்முறையாக வழிவிட்டது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: ஆசிரியர்களில் எத்தனை சதவீதத்தை நீக்குகிறார்களோ, குறைந்தது அதே சதவீதத்தில் நிர்வாகிகளையும் நீக்க வேண்டும். ஐந்து நிர்வாகப் பதவிகளுக்கு விலக்கு உண்டு, ஏற்கெனவே நிர்வாகம் மெலிந்துதான் இருக்கிறது என்று மாநிலக் கல்விச் செயலரிடம் விலக்குக் கேட்கவும் வழி உண்டு. அதோடு, இறுதி பட்ஜெட்டுக்கு 60 நாள் முன்பே, இன்ன காரணத்தால் இத்தனை பேரை நீக்க எண்ணுகிறோம் என்று பொதுக்கூட்டத்தில் தீர்மானம் போட வேண்டும். பட்ஜெட் ஜூன் 30-க்குள் முடிய வேண்டும் என்பதால் அது ஏப்ரல் இறுதிக்குள் வந்தாக வேண்டும்.

உங்கள் போர்டு அப்படித் தீர்மானம் போட்டதா என்று ஏப்ரல் கூட்டக் குறிப்பில் தேடுங்கள். போட்டிருந்தால் நிர்வாகிகளின் சதவீதம் என்ன, விலக்குக் கேட்டார்களா என்று மைக்கில் கேளுங்கள்; கூட்டத்தில் பேச உங்களுக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்துக்கு அது போதும். தீர்மானமே இல்லை என்றால், அவர்கள் யாரையும் நீக்கவில்லை, ஓய்வு பெறுபவர்களின் இடத்தை நிரப்பாமல் விடுகிறார்கள் என்றுதான் பெரும்பாலும் அர்த்தம். அப்படிச் செய்தால் இந்த நிபந்தனை எதுவும் ஒட்டாது. அப்போது கேட்க வேண்டியது, கடந்த மூன்று ஆண்டில் நிரப்பாமல் விட்ட ஆசிரியர் இடங்கள் எத்தனை, நிரப்பாமல் விட்ட நிர்வாகி இடங்கள் எத்தனை என்று.